இயங்குதளமா, கிளஸ்டரா, எது முதலில்? மண்டபம் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்தை ஒட்டி இயங்கும் ஒரு கடல் உணவு ஏற்றுமதி ஆலையில் 2024-ஆம் ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கி, 2025 தடைக்காலத்தில் முடிந்த ஒரு வேலையின் பதிவு இது. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே எழுந்த கேள்வி எல்லாச் சர்வர் அறைகளிலும் எழுவதுதான்: பல சர்வர்களை ஒன்றாக இயக்கும் கிளஸ்டர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவதற்கு முன், அதன் அடியில் இருக்கும் இயங்குதளத்தை ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

"முதலில் இயங்குதளம்தான்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தைத் தொடாதே, கிளஸ்டரை மட்டும் ஏற்று" என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆலையில் முதல் யோசனையைக் கேட்டிருந்தால் தரவு ஆபத்தில் சிக்கியிருக்கும். இரண்டாவதைக் கேட்டிருந்தால் பாதி வழியில் நின்றிருப்போம்.

ஆலையும் அதன் தரவும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி கரைகளில் வாங்கப்படும் இறாலும் கணவாயும் நண்டும் இங்கே சுத்தம் செய்யப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, உறைய வைக்கப்பட்டு, மைனஸ் 18 டிகிரிக் குளிர்கிடங்கில் அடுக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் சரக்குக்கு 2010 ஜனவரி 1 முதல் மீன்பிடிச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள் என்ற விவரம் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும், வேண்டும். அதோடு குளிர்கிடங்கின் வெப்பநிலைப் பதிவு இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். ஒரு லாட்டின் பதிவு காணாமல் போனால், நல்ல சரக்கும் விற்க முடியாத சரக்காகிவிடும். சர்வர் அறையில் இருப்பது கணக்குத்தானே என்று யாரும் இங்கே சொல்வதில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் மீன் கப்பல் ஏறாது என்பது தரம் பிரிக்கும் பெண்களுக்குக்கூடத் தெரியும்.

இந்தப் பதிவுகள் நான்கு சர்வர்களில் பரவியிருக்கும் ஒரு சீஃப் கிளஸ்டரில் இருந்தன. சீஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஒரே சேமிப்பகமாகத் தரும் திறந்தமூல மென்பொருள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சேவை ஓடும், அதை ஓ.எஸ்.டி. என்பார்கள். கிளஸ்டரின் நிலையைக் கண்காணித்து, யார் உயிருடன் இருக்கிறார், யார் இல்லை என்று தீர்மானிக்கும் மானிட்டர் சேவைகள் மூன்று. தரவின் ஒவ்வொரு துண்டும் மூன்று பிரதிகளாக மூன்று வெவ்வேறு சர்வர்களில் இருந்தது. ஒரு சர்வர் விழுந்தாலும் எழுதுவதும் படிப்பதும் தொடரும். மானிட்டர்களிலும் மூன்றில் இரண்டு இருந்தால் போதும். இரண்டாவது சர்வரும் சேர்ந்து விழுந்தால்தான் நெருக்கடி. இந்த 'ஒன்று வரை பொறுக்கும்' தன்மைதான் முழு வேலைக்கும் மூலதனம். அதைக் கவனமாகச் செலவழிக்க வேண்டும்.

தொடக்க நிலை இது: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 18.04 பதிப்பு, அதன் மீது சீஃபின் நாட்டிலஸ் என்ற பதிப்பு, 14.2.22. நாட்டிலஸுக்கான ஆதரவு 2021-இலேயே முடிந்துவிட்டது. உபுண்டு 18.04-இன் இயல்பான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. வாங்கும் நிறுவனத்தின் சார்பில் வந்த தணிக்கையாளர், இயங்குதளம் காலாவதியானது என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். கிளஸ்டர் மென்பொருளைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் வரத்து அடியோடு நிற்பதும் இல்லை. இருந்தாலும் ஆண்டில் சர்வர்களைத் தொடுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை, மின்வெட்டு. மற்ற மாதங்களில் விசைப்படகுகள் கரை சேரும் காலைகளில் லாட் பதிவுகள் குவியும்.

ஆலைப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர், கொள்முதல் தராசிலிருந்து மேலே வந்தவர். அவர் கேட்டது நேரான கேள்வி. "தம்பி, தணிக்கைக்காரர் இயங்குதளத்தைத்தானே எழுதியிருக்கிறார். அதை மட்டும் இந்தத் தடைக்காலத்தில் முடித்துக் கொடுங்கள். கிளஸ்டரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்."

"அண்ணே, அதைத் தொட்டால் இதுவும் தானாக நகரும். நகராமல் பிடித்து வைக்கும் வழியைப் பார்த்த பிறகு தொடலாம்."

இயங்குதளம் ஏறும்போது கிளஸ்டர் எப்படி நகரும்?

இதுதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி. பலர் கவனிக்காமல் கடந்துபோவதும் இதைத்தான்.

உபுண்டுவின் ஒவ்வொரு நெடுங்கால ஆதரவுப் பதிப்பும் தன் சொந்தக் களஞ்சியத்தில் (நிறுவத் தயாரான மென்பொருள் பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) ஒரு சீஃப் பதிப்பை வைத்திருக்கிறது. 18.04-இல் இருப்பது லூமினஸ், அதாவது 12.2. 20.04-இல் ஆக்டோபஸ், 15.2. 22.04-இல் குவின்சி, 17.2. ஆனால் ஆலையில் ஓடியது உபுண்டு தந்த சீஃப் அல்ல. சீஃப் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவிய நாட்டிலஸ். உபுண்டுவின் பதிப்பேற்றக் கருவி வேலையைத் தொடங்கும்போது, வெளிக் களஞ்சியங்களை எல்லாம் முடக்கிவிடும். நல்ல எண்ணத்தோடுதான் அப்படிச் செய்கிறது. பழைய இயங்குதளத்துக்காகக் கட்டிய பேக்கேஜ்கள் புதியதில் வந்து கலந்துவிடக் கூடாது அல்லவா.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வரில் இருப்பது 14.2. வெளிக் களஞ்சியம் முடங்கிவிட்டது. 20.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் 15.2 இருக்கிறது. பதினைந்து பதினான்கைவிடப் பெரியது. ஆகவே கருவி அதைப் புதிய பதிப்பு என்று எடுத்துக்கொண்டு ஏற்றிவிடும். யாரும் கேட்காமலேயே இயங்குதளத்தோடு கிளஸ்டர் மென்பொருளும் ஒரு பெரிய பதிப்பு தாண்டிவிடும்.

இதை ஊகமாக விட்டுவிடாமல், ஓர் அலுவலகக் கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களில் அதே 18.04, அதே நாட்டிலஸ் 14.2.22 என ஒரு சின்னக் கிளஸ்டரை அமைத்து ஓட்டிப் பார்த்தோம். பதிப்பேற்றம் முடிந்து மறுதொடக்கம் கேட்கும் நேரத்தில், பேக்கேஜ் பட்டியலில் ஓ.எஸ்.டி. பேக்கேஜின் எதிரே 15.2 என்று நின்றது. ஆனால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த சேவை இன்னும் 14.2-தான். மறுதொடக்கம் செய்தால் அந்த ஒரு சர்வரின் ஓ.எஸ்.டி.கள் எல்லாம் ஆக்டோபஸாக எழும். மற்ற சர்வர்களின் மானிட்டர்கள் நாட்டிலஸாகவே இருக்கும். சீஃப் ஆவணங்கள் சொல்லும் ஏற்ற வரிசையோ இதற்கு நேர் எதிர்: முதலில் எல்லா மானிட்டர்களும், பிறகு நிர்வாகப் பணிகளைச் செய்யும் மேனேஜர் சேவைகள், அதன் பிறகே ஓ.எஸ்.டி.கள். சர்வர் சர்வராக இயங்குதளத்தை ஏற்றும்போது இந்த வரிசையைக் காப்பாற்ற வழியே இல்லை, ஏனென்றால் ஒரே சர்வரில் மானிட்டரும் ஓ.எஸ்.டி.யும் சேர்ந்தே இருக்கின்றன.

'இயங்குதளத்தை மட்டும் முதலில்' என்ற யோசனை அதோடு விழுந்தது. அந்த 'மட்டும்' நடக்காத காரியம்.

சுவரில் ஒட்டிய கட்டம்

கிளஸ்டரை முதலில் முழுவதும் ஏற்றிவிட்டால்? அதற்கும் ஒரு கூரை உண்டு. 2024-இல் எங்கள் இலக்கு ரீஃப், 18.2. சீஃப் திட்டம் ரீஃப் பதிப்பை உபுண்டு 18.04-க்குக் கட்டித் தருவதில்லை; 20.04-க்கும் 22.04-க்கும்தான் தருகிறது. 18.04-க்குக் கிடைக்கும் உச்சம் பசிபிக், 16.2.

ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுச் சர்வர் அறைச் சுவரில் ஒட்டினோம். மேல் வரிசையில் 18.04, 20.04, 22.04. இடது ஓரத்தில் நாட்டிலஸ், ஆக்டோபஸ், பசிபிக், குவின்சி, ரீஃப். எந்த இயங்குதளத்துக்கு எந்தச் சீஃப் பேக்கேஜ் சீஃப் திட்டத்தின் களஞ்சியத்தில் கட்டிக் கிடைக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். அதன் பிறகு விதி ஒன்றே ஒன்று: டிக் உள்ள கட்டத்திலிருந்து டிக் உள்ள இன்னொரு கட்டத்துக்கு நேராக மட்டுமே நகரலாம். கீழே இறங்கினால் கிளஸ்டர் ஏறுகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் இயங்குதளம் ஏறுகிறது. மூலைவிட்டமாக நகரக் கூடாது.

சீஃபில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரே தாவலில் இரண்டு பெரிய பதிப்புகள் வரை முன்னேறலாம். நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டலாம். நாட்டிலஸிலிருந்து நேராகப் பசிபிக், பசிபிக்கிலிருந்து நேராக ரீஃப்.

பாதை தானாகவே தெரிந்தது. 18.04 மீது நாட்டிலஸிலிருந்து பசிபிக். பசிபிக்கை அசைக்காமல் 20.04. 20.04 மீது பசிபிக்கிலிருந்து ரீஃப். ரீஃபை அசைக்காமல் 22.04. கிளஸ்டர், இயங்குதளம், கிளஸ்டர், இயங்குதளம் என்று மாறி மாறி வருகிறது. எது முதலில் என்ற கேள்விக்கு இங்கே கிடைத்த பதில், இரண்டில் எதுவும் முழுவதுமாக முதலில் இல்லை என்பதே.

இந்த வரிசைக்கு இன்னொரு பலமும் உண்டு. இயங்குதளத்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும், நம் கையில் இருக்கும் சீஃப், அடுத்த உபுண்டு தன் களஞ்சியத்தில் வைத்திருப்பதைவிட உயர்ந்ததாக இருக்கும். 20.04-இல் இருப்பது 15.2, நம்மிடம் 16.2. 22.04-இல் இருப்பது 17.2; நம்மிடம் 18.2. கருவி கீழிறக்கம் செய்யாது என்பதால் கிளஸ்டர் இருந்த இடத்திலேயே நிற்கும். மாறாகப் பசிபிக்கை வைத்துக்கொண்டே 22.04 வரை போயிருந்தால், குவின்சி வந்து அதே பழைய சிக்கலை உண்டாக்கியிருக்கும்.

கைவிட்ட வழிகள்

முற்றிலும் புதிய கிளஸ்டர் ஒன்றை எழுப்பித் தரவை இடம்பெயர்ப்பது சுத்தமான வழி. நான்கு புதிய சர்வர்களுக்கு ஆலையில் பணம் இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கன்டெய்னர் வழியை நீண்ட நேரம் யோசித்தோம். ஆக்டோபஸ் முதல் சீஃபில் செஃபாடம் என்ற நிர்வாகக் கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு சேவையையும் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும். தனக்குத் தேவையான நூலகங்களைக் கன்டெய்னரே சுமந்து வருவதால், வெளியில் இருக்கும் இயங்குதளத்தின் வயது பெரும்பாலும் பொருட்டாகாது. எங்கள் கேள்வியையே அது பாதி கரைத்துவிடும். ஆனால் முழுவதும் கரைக்காது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் வெளியில் இருப்பதுதானே. நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பு கொண்ட கன்டெய்னரை, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மென்பொருளின் 20.10.10-க்கு முந்தைய பதிப்பில் ஓட்டினால், புது இழையைத் தொடங்கும் அழைப்பை டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி அனுமதி இல்லை என்று மறித்து, உள்ளே இருக்கும் நிரல் எழாமலே போன அனுபவம் பல இடங்களில் உண்டு. இயங்குதளத்தைச் சார்ந்திருப்பது ஒழிவதில்லை. பேக்கேஜ்களிடமிருந்து கன்டெய்னர் இயக்கியிடம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மேலும் ஆலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு இளைஞர்களுக்கு இப்போதைய அமைப்பு கைவந்தது. பதிப்பையும் நிர்வாக முறையையும் ஒரே பருவத்தில் மாற்றுவது அவர்களுக்கு அநியாயம் என்று எனக்குப் பட்டது. அதைத் தனி வேலையாகத் தள்ளிவைத்தோம்.

முதலில் வெறும் மறுதொடக்கம்

கிளஸ்டரை ஏற்றுவதற்கு மறுதொடக்கம் தேவையில்லை. சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கினால் போதும். இயங்குதளத்தை ஏற்றினால் சர்வரே நின்று எழ வேண்டும். உள்நாட்டில் இந்த வேறுபாடு சின்னது. கடலோரத்தில் அது பெரியது.

இந்தக் கரையில் காற்றே உப்பு. மின்வெட்டு நேரத்தில் ஏசி நின்று, புழுக்கம் தாங்காமல் யாராவது சர்வர் அறைக் கதவைத் திறந்து வைத்தால், அந்த ஈரக் காற்று நேராகச் சர்வருக்குள் போகும். ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும். ஆகவே ஒரு பேக்கேஜைக்கூட மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு சர்வரையும் முறைவைத்து முழுவதுமாக நிறுத்தி, மின்சாரத்தையும் எடுத்து, திரும்பத் தொடங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நிறுத்துவதற்கு முன் கிளஸ்டரில் 'நோஅவுட்' கொடியை ஏற்றினோம். அது இல்லாவிட்டால், சர்வர் போயே போய்விட்டது என்று நினைத்துக் கிளஸ்டர் தரவை மற்ற இடங்களுக்கு நகர்த்தத் தொடங்கிவிடும்.

மூன்றாவது சர்வர் எழவில்லை. திரையில் ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தோம். நினைவகப் பட்டைகளின் தங்கப் பற்களில், சரியாகச் செருகலின் விளிம்பைத் தொடும் இடத்தில், மெல்லிய பச்சைக் கோடு ஒன்று பூத்திருந்தது. ஆலை ஆய்வகத்திலிருந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, நூல் உதிராத துணியால் ஒவ்வொரு பல்லையும் துடைத்துத் திரும்பச் செருகியபோது சர்வர் எழுந்தது. ஒரு பட்டை மட்டும் பிழைக்கவில்லை. மாற்றுப் பட்டை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.

நான்காவது சர்வர் எழுந்தது, ஆனால் பல வருடங்களுக்கு முந்தைய தேதியோடு. தாய்ப்பலகையின் சின்ன பேட்டரி செத்திருந்தது. சீஃப் மானிட்டர்கள் தங்களுக்குள் 0.05 வினாடிக்கு மேல் கடிகார வேறுபாட்டைப் பொறுப்பதில்லை. உடனே எச்சரிக்கை வந்தது. பேட்டரியை மாற்றி, நேரம் சரிசெய்யும் குரோனி சேவை எழுந்து நேரத்தைப் பிடித்த பிறகே மானிட்டர் எழ வேண்டும் என்று வரிசைப்படுத்தினோம்.

இந்த இரண்டு கோளாறுகளும் பதிப்பேற்றத்தின் நடுவில் வந்திருந்தால், பழி புதிய இயங்குதளத்தின் மேல்தான் விழுந்திருக்கும். எல்லோரும் கெர்னலைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். பச்சைக் கோட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடற்கரையில் சர்வர் வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள் என்பேன்.

முதல் நகர்வு: பசிபிக்

பசிபிக்குக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. 2021 நவம்பரில் சீஃப் திட்டம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: பழைய பதிப்பிலிருந்து பசிபிக்குக்கு ஏற்றும்போது, ஓமேப் என்ற உள்தரவின் வடிவத்தை மாற்றும் கட்டத்தில் தரவு சிதையக்கூடும், ஆகவே ஏற்ற வேண்டாம். 16.2.7-இல் அது சரிசெய்யப்பட்டது. நாங்கள் அதற்குப் பிந்தைய பதிப்பையே எடுத்தோம். இருந்தும், டிஸ்க்கை ஏற்றும்போது தானாக அந்த மாற்றத்தைச் செய்யும் அமைப்பை முன்கூட்டியே அணைத்துவைத்தோம். மாற்றத்தைப் பிறகு அமைதியான நேரத்தில் ஒவ்வொரு டிஸ்க்காகச் செய்துகொள்ளலாம்.

மானிட்டர்கள், மேனேஜர்கள், ஓ.எஸ்.டி.கள் என்ற வரிசையில் ஏற்றம் நடந்தது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் 'சீஃப் வெர்ஷன்ஸ்' கட்டளை தரும் பட்டியலைப் பார்த்தோம்: எத்தனை சேவைகள் 14-இல், எத்தனை 16-இல். எல்லாம் 16 ஆன பிறகு, இனி பசிபிக்குக்குக் கீழான ஓ.எஸ்.டி.களைச் சேர்க்காதே என்ற கட்டளையைக் கிளஸ்டருக்குக் கொடுத்தோம். இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டாலும் கிளஸ்டர் ஓடும். ஆனால் ஏற்றம் முடிந்ததாகாது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். சீஃபில் பெரிய பதிப்பு ஏறிவிட்டால் இறங்க வழியில்லை. மானிட்டர்கள் புதிய வடிவத்தில் எழுதத் தொடங்கிவிட்டால் பழைய பதிப்புக்கு அது புரியாது. இயங்குதளம் அப்படியல்ல. ஒரு சர்வரில் அது கெட்டுப்போனால், அந்த ஒரு சர்வரின் இயங்குதள டிஸ்க்கை அழித்துத் திரும்ப நிறுவலாம். தரவு டிஸ்க்குகள் தனி என்பதால், அமைப்புக் கோப்பையும் சாவிகளையும் திரும்ப வைத்து டிஸ்க்குகளை உயிர்ப்பித்துவிடலாம். ஆகவே கிளஸ்டர் நகர்வுக்கு முன் தேவை, கிளஸ்டருக்கு வெளியே ஒரு முழுக் காப்புப் பிரதி. இயங்குதள நகர்வுக்கு முன் தேவை, மற்ற மூன்று சர்வர்களும் முழு நலத்தோடு இருப்பது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இந்த இரண்டு பாதுகாப்புகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இல்லாமல் போகும்.

இரண்டாம் நகர்வு: 20.04

முதல் சர்வரில் பதிப்பேற்றக் கருவி எதிர்பார்த்தபடியே வெளிக் களஞ்சியத்தை முடக்கியது. சீஃப் 16.2-இலேயே நின்றது. கடைசியில் வழக்கற்றுப்போன பேக்கேஜ்களை நீக்கலாமா என்று கருவி கேட்டது. பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் சீஃப் பேக்கேஜ்கள் அதில் இருந்தன, அவற்றையும் வழக்கற்றவை என்று கணக்கிட்டுவிட்டது. வேண்டாம் என்று பதில் சொன்னோம். அவசரத்தில் ஆமாம் என்று தட்டினால் அந்தச் சர்வரில் சீஃபே இருக்காது.

மறுதொடக்கம் செய்யும் முன்பே, 20.04-க்கான பசிபிக் களஞ்சியத்தைச் சேர்த்து, அதே 16.2-இன் 20.04 கட்டமைப்பை நிறுவினோம். இதற்குக் காரணம் பைத்தான் என்ற நிரல்மொழி. 18.04-இல் பைத்தான் 3.6, 20.04-இல் 3.8. சீஃபின் மேனேஜர் சேவை பைத்தானை உள்ளே வைத்துக்கொண்டு ஓடுவது. 3.6-க்காகக் கட்டிய மேனேஜர் 3.8 மட்டும் உள்ள சர்வரில் எழாது. ஓ.எஸ்.டி.க்கும் மானிட்டருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இயங்குதளம் மாறும்போது சீஃபில் எது முதலில் உடையும் என்று யாராவது கேட்டால், மேனேஜர் என்று தயங்காமல் சொல்லலாம். கெர்னலைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டிஸ்க் சேவைகள் கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்கள்தான்.

இரண்டாவது சர்வர் முடிந்த மறுநாள், நாட்டுப்படகுகளில் கணவாய் வரத்து திடீரென்று கூடியது. ஆலைப் பொறுப்பாளர் அறைக்கு வந்தார். "தம்பி, பாதியில் நிற்கிறதே, இன்று பதிவு போடலாமா?"

"தாராளமாகப் போடலாம் அண்ணே. இரண்டு சர்வர் 20.04, இரண்டு 18.04. சீஃப் நான்கிலும் ஒன்றேதான். எத்தனை நாள் வேண்டுமானாலும் இப்படியே நிற்கலாம்."

சுவரில் ஒட்டிய கட்டம் தந்த பலன் இதுதான். எந்தப் படியில் நின்றாலும், அது ஆதரவுள்ள ஒரு நிலை. வரத்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். கிளஸ்டர் பச்சை நிறத்தில் இருந்தது.

மூன்றாம் நகர்வு: ரீஃப்

20.04 நான்கிலும் நிறைந்த பிறகு ரீஃப். இங்கே இயங்குதளத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு முன்நிபந்தனைகள் இருந்தன. மானிட்டர்கள் தம் தரவை வைக்கும் இடத்தில் லெவல்டிபி என்ற பழைய தரவுத்தளம் இருக்கக் கூடாது. குவின்சியிலேயே அதன் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. நாம் குவின்சியைத் தாண்டிப் போனாலும் அந்த நிபந்தனை நம்மை விடாது. ஒவ்வொரு மானிட்டரின் அடைவிலும் ஒரு சின்னக் கோப்பு இதைச் சொல்லும். மூன்றிலும் அதற்கு மாற்றான ராக்ஸ்டிபி என்றே இருந்தது. இரண்டாவது, டிஸ்க்கில் தரவை எழுதும் பழைய வடிவமான ஃபைல்ஸ்டோர் ரீஃபில் இல்லை. முதல் சர்வரின் பழைய டிஸ்க்குகள் சில இன்னும் ஃபைல்ஸ்டோரில் இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தரவு மற்ற டிஸ்க்குகளுக்கு நகரும்வரை காத்திருந்து, அழித்து, புதிய வடிவமான புளூஸ்டோராகத் திரும்பச் சேர்த்தோம். முழு வேலையிலும் அதிக நேரம் பிடித்தது இதுதான். இயங்குதளம் முதலிலா என்று விவாதிக்கும் இடங்களில் இந்த மூன்றாவது தரப்பைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை: தரவின் வடிவம். சில நேரங்களில் அதுதான் முதலில்.

ஜூன் 14 வருவதற்குள் 20.04 மீது ரீஃப் ஓடியது. 20.04-இன் இயல்பான ஆதரவு 2025 மே வரை இருந்ததால், தணிக்கைக்கு அது போதும். கடைசி நகர்வை அடுத்த தடைக்காலத்துக்கு விட்டோம். 

வேறு கிளஸ்டர்களில்

இதே மாவட்டத்தில் ஒரு கல்லூரியில், கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் பகிர்ந்து ஓட்டும் குபர்நெட்டீஸ் கிளஸ்டர் ஒன்று, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது ஓடியது. அங்கே இதே கேள்விக்கு வேறு பதில் சொன்னேன். சென்ட்ஓஎஸ் 7-இன் கெர்னல் 3.10. நிரல்களுக்கு வளங்களைப் பங்கிட குபர்நெட்டீஸ் சார்ந்திருக்கும் சிகுரூப் என்ற கெர்னல் வசதியின் இரண்டாம் பதிப்பு அதில் இல்லை. முதல் பதிப்பைக் குபர்நெட்டீஸ் 1.31-இல் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுளும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அங்கே கெர்னல்தான் பயன்பாட்டுக்கு அடித்தளம் என்பதால் இயங்குதளம் காத்திருக்க முடியாது. ஆனால் குபர்நெட்டீஸில் வேலைச் சர்வரைப் பதிப்பேற்ற வேண்டிய அவசியமே இல்லை. புதிய இயங்குதளத்தோடு புதிய சர்வரைச் சேர்த்து, பழையதைக் காலிசெய்து நீக்கிவிடலாம். 1.28 முதல், வேலைச் சர்வரில் ஓடும் கியூப்லெட் என்ற சேவை, கிளஸ்டரை ஆளும் கட்டுப்பாட்டுத் தளத்தைவிட மூன்று சிறு பதிப்புகள் வரை பின்தங்கலாம் என்ற சலுகையும் இருக்கிறது. சீஃபில் தரவு சர்வரோடு ஒட்டியிருக்கிறது. அங்கே அப்படி ஒட்டியிருப்பது குறைவு. பதில் மாறுவதற்குக் காரணம் அதுதான்.

கடைசி நகர்வு: 22.04

2025 தடைக்காலத்தின் தொடக்கத்தில், பழையபடி வெறும் மறுதொடக்கச் சோதனையோடு ஆரம்பித்தோம். இந்த முறை நினைவகப் பற்களை முன்னதாகவே துடைத்திருந்ததால் நான்கும் எழுந்தன. 22.04-இன் களஞ்சியத்தில் குவின்சி 17.2; நம்மிடம் 18.2. கருவி அதைத் தொடவில்லை. மேனேஜருக்காக 22.04-க்கான ரீஃப் கட்டமைப்பை மறுதொடக்கத்துக்கு முன் நிறுவினோம்; இங்கே பைத்தான் 3.8-இலிருந்து 3.10. இந்த முறை ஆலையின் இரண்டு இளைஞர்களே எல்லாவற்றையும் செய்தார்கள். நான் அருகில் அமர்ந்து பட்டியலை மட்டும் படித்தேன்.

சுவரில் இருந்த பழைய தாளைக் கழற்றிவிட்டு அவர்கள் புதிய கட்டம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள். அடுத்த சீஃப் பதிப்பான ஸ்குவிட், 19.2, உபுண்டு 22.04-க்கே கட்டிக் கிடைக்கிறது. 22.04-இன் ஆதரவு 2027 வரை இருக்கிறது. அடுத்த ஏற்றத்துக்கு இயங்குதளத்தைத் தொட வேண்டியதில்லை என்று அந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.